மார்கழியில் ஒரு சனி, ஒரு ஞாயிறு: மயிலாப்பூரா, டிடிகே சாலையா, தி. நகரா?

டிசம்பரில் நடக்கும் கர்நாடக இசை சீசனுக்காக வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "யார் கச்சேரிக்குப் போகலாம்?" என்றுதான். ஒரு மாதம் தங்கப் போகிறவர் அப்படிக் கேட்கலாம். சனிக்கிழமை காலை இறங்கி ஞாயிறு இரவு ரயில் ஏறப்போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு: எந்தப் பேட்டையில் இருக்கப் போகிறோம்? பெயர் பெற்ற பாடகர்கள் ஒரே சீசனில் பல சபாக்களில், அதாவது கச்சேரி நடத்தும் பல சங்கங்களில், பாடுகிறார்கள். அவர்களை இங்கே தவறவிட்டால் இன்னொரு இடத்தில், இன்னொரு வருடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கேட்கும் அனுபவம் பேட்டைக்குப் பேட்டை மாறுகிறது. எங்கே நடக்கிறோம், எங்கே சாப்பிடுகிறோம், பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்து தாளம் போடுகிறார் என்பதெல்லாம் அதில் சேர்த்தி.

சபாக்கள் நகரம் முழுக்க இருந்தாலும் இரண்டு நாளுக்கு வருகிறவர் யோசிக்க வேண்டியவை மூன்று பகுதிகள்தான். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் இருக்கும் டிடிகே சாலை. மாட வீதிகளையும் லஸ்ஸையும் சுற்றியுள்ள மயிலாப்பூர். கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் உள்ள தி. நகர். பாரிமுனையில் நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது எல்லோருக்கும் அல்ல என்றாலும் சிலருக்கு அதுவே முதல் இடம், அதையும் சொல்கிறேன்.

மூன்றையும் ஒப்பிடுவதற்கு முன், மூன்றையும் ஒரே வாரக்கடைசியில் பார்த்துவிட நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மயிலாப்பூரில் ஒருவரைப் பாதி கேட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து தி. நகர் போய் இன்னொருவரை மீதி கேட்கலாம் என்று அட்டவணை போடுகிறவர்கள் உண்டு. சனிக்கிழமை மாலை அண்ணா சாலையைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் அங்கே முக்கிய ராகத்தைச் சொற்களில்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனை முடிந்து கீர்த்தனையே தொடங்கியிருக்கும். இங்கே நீங்கள் எழுந்து வந்த நேரம், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரும் நேரமாக இருந்திருக்கும். இன்றைய கச்சேரியின் அமைப்பு பெரும்பாலும் அந்தக் காலத்துப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த வழியில் வந்தது. வர்ணத்தில் தொடங்கி, சின்னக் கீர்த்தனைகளில் சூடேறி, நடுவில் ஒரு பெரிய ராகத்தில் நின்று நிதானித்து, மிருதங்கத்துக்கு இடம் விட்டு, துக்கடாக்கள் எனப்படும் சின்ன உருப்படிகளில் இறங்கி மங்களத்தில் முடியும். இதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை உட்கார்ந்து கேட்கும்போது கிடைக்கும் நிறைவு, இரண்டு பாதிகளைச் சேர்த்தாலும் வராது. முக்கியமாக, தனி வந்ததும் எழுந்து கேன்டீனுக்குப் போகும் பழக்கத்தை வெளியூர் ரசிகர்களாவது கைவிட வேண்டும். இரண்டு மணி நேரம் பாட்டுக்குத் துணையாக வாசித்த கலைஞர் தன் சொந்தக் கற்பனையைக் காட்டக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்கள்தான். ஆகவே, ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுத்து அதற்குள்ளேயே நடந்து கேளுங்கள். அதிகம் போனால் பக்கத்துப் பேட்டைக்கு ஒரு வேளை.

டிடிகே சாலை

சீசன் என்று ஒன்று டிசம்பரில் வந்ததற்குக் காரணமே மியூசிக் அகாடமிதான். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதோடு சேர்த்து அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் விளைவாக 1928-ல் அகாடமி பிறந்தது. இப்போதுள்ள பெரிய அரங்கம் 1962-ல் திறக்கப்பட்டது. ஆயிரத்து அறுநூறு பேர் அளவுக்கு உட்காரலாம்.

அகாடமி என்றதும் எல்லோரும் மாலைக் கச்சேரியைத்தான் நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் மூத்த கலைஞர்கள் பாடுவார்கள், பெரும்பாலும் ராகம் தானம் பல்லவியும் இருக்கும். அதில் குறையில்லை. ஆனால் வார இறுதிக்கு வருகிறவர் மாலை டிக்கெட்டை நம்பி வரக்கூடாது. சீசன் டிக்கெட் வாங்கியவர்கள் நல்ல இடங்களைப் பிடித்திருப்பார்கள். அன்றன்றைக்குக் கொடுக்கும் டிக்கெட்டுக்கு, பிரபலமானவர் பாடும் நாளில், காலையிலேயே வரிசை நிற்கும். அந்த வரிசையில் நிற்கும் நேரத்தில் உள்ளே நடப்பதைக் கேட்டுவிடலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

உள்ளே காலை எட்டு மணி வாக்கில் லெக்-டெம் நடக்கும். சொற்பொழிவும் பாடிக் காட்டுவதும் கலந்த நிகழ்ச்சி. ஒரு அபூர்வ ராகத்தின் பழைய வடிவம் எது, சொல்லும் மெட்டும் தாமே இயற்றிய வாக்கேயக்காரர் ஒருவரின் கீர்த்தனை இரண்டு சிஷ்ய பரம்பரைகளில் எப்படி வேறு வேறாக வந்தது, தாளக் கணக்கு ஒன்றை மிருதங்கத்தில் எப்படிக் கட்டுகிறார்கள் என்பது போன்ற விஷயங்கள். பேசி முடித்ததும் மூத்த வித்வான்களும் ஆய்வாளர்களும் எழுந்து கருத்துச் சொல்வார்கள், சில சமயம் மறுப்பார்கள், பாடியே மறுப்பார்கள். அந்த ஆண்டு அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெறப் போகிறவரே தலைமை தாங்குவார். இதற்கு டிக்கெட் கிடையாது. அகாடமி 1930 முதல் வெளியிட்டு வரும் ஆய்விதழில் பழைய விவாதங்கள் பதிவாகியிருக்கின்றன. ராக லட்சணம், அதாவது ராகத்தின் இலக்கணம், பற்றி அந்தக் காலத்து வித்வான்கள் இப்படித்தான் உட்கார்ந்து வாதாடியிருக்கிறார்கள். கச்சேரியை வேறு ஊரிலும் கேட்கலாம். இந்த விவாதத்தை இத்தனை தொடர்ச்சியாக வேறெங்கும் கேட்க முடியாது. சங்கீத இலக்கணம் தெரியாதவருக்கு விளங்குமா என்று தயங்க வேண்டாம். பாதி விளங்காமல் போனாலும் மீதிப் பாதி அன்று மாலை நீங்கள் கேட்கும் ராகத்தை மாற்றிக் காட்டிவிடும்.

லெக்-டெம் முடிந்ததும் காலைக் கச்சேரி, அப்புறம் நண்பகலில் இளையவர்கள். இளையவர்கள் என்றால் பயிற்சி மாணவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அகாடமியின் மதிய மேடை கிடைப்பதே ஒரு தேர்வில் தேறுவதற்குச் சமம். அவர்கள் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக மாதக்கணக்கில் தயாராகி வருவார்கள். இன்று மாலை மேடையில் இருக்கும் எல்லோரும் ஒரு காலத்தில் அந்த மதிய மேடையில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடியவர்களே. முன்வரிசைக்குப் பின்னால், நடுவில் ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள்.

அதே சாலையில் ஒரு கிலோமீட்டர் சொச்சம் தெற்கே நாரத கான சபா. 1958-ல் தொடங்கியது. சத்குரு ஞானானந்தா அரங்கம் என்று அதன் பெரிய அரங்கத்துக்குப் பெயர். அகாடமியில் இடம் கிடைக்காதவர்கள் மாலையில் இங்கே வருவது வழக்கம். கேன்டீனுக்காகவே வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பகுதியின் குறை என்னவென்றால், வெளியே வந்தால் ஒன்றுமில்லை. டிடிகே சாலை நடப்பதற்கான சாலை அல்ல. மேம்பாலமும் ஓயாத வாகனங்களும்தான். இரண்டு கச்சேரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடைத்தால் கேன்டீனிலோ வராந்தாவிலோதான் உட்கார வேண்டும். சங்கீதம் அரங்கத்துக்குள் தொடங்கி அரங்கத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

மயிலாப்பூர்

மயிலாப்பூரில் சங்கீதம் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் தொடங்குகிறது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளிலும் மார்கழி முழுக்க பஜனை கோஷ்டிகள் பாடிக்கொண்டு வருவார்கள். கையில் ஜால்ரா, சிலரிடம் சுருதிப் பெட்டி, கூடவே குழந்தைகள். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் பல ஆண்டுகள் இந்த வீதிகளில் மார்கழி பஜனையை முன்னின்று நடத்தினார். அவருக்கு அப்புறமும் அந்த வழக்கம் தொடர்கிறது. பாடுகிறவர்களில் பலர் கச்சேரி வித்வான்கள் அல்ல. வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண்மணி எழுந்து ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், கோஷ்டி தொடரும். வழிப்போக்கரும் சேர்ந்துகொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்த ஊரில் பாடிய பதிகம் ஒன்று மயிலாப்பூரின் திருவிழாக்களை மாதவாரியாக அடுக்கிச் சொல்கிறது. மார்கழித் திருவாதிரையும் அதில் வருகிறது. இந்தப் பேட்டைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு சபாக்கள் வந்த பிறகு ஏற்பட்டதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். சபாக்கள் அதன் மேல் வந்து உட்கார்ந்தவை. மாலைப் பூஜை நேரத்தில் கோயிலுக்குப் போனால் நாதஸ்வரமும் தவிலும் கேட்கும். பல சபாக்களில் நாதஸ்வரம் தொடக்க நாள் மங்கள இசையோடு நின்றுவிடுவது எனக்குத் தீராத வருத்தம். கர்நாடக இசையில் ராக ஆலாபனை இவ்வளவு விரிந்ததற்கு நாதஸ்வர வித்வான்கள் பெரிய காரணம். இரவு முழுக்க வீதியுலாவில் ஒரே ராகத்தை வாசித்தவர்கள் அவர்கள். அதன் ஒரு துளியையாவது, மைக் இல்லாமல், கல் மண்டபத்துக்குள் கேட்க வேண்டும் என்றால் இங்கேதான் வர வேண்டும்.

சபா என்று பார்த்தாலும் இங்கே குறைவில்லை. கிழக்கு மாட வீதியிலேயே பாரதிய வித்யா பவன். அதன் விழா நவம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும், பெரும்பாலும் டிக்கெட் இல்லாமலே உட்காரலாம். சுந்தரேஸ்வரர் தெருவில் 1929-ல் தொடங்கிய ரசிக ரஞ்சனி சபா. முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். முன்பு ஆலிவர் ரோடு என்று பெயர் பெற்றிருந்த அந்தச் சாலைக்கு இப்போது பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயரின் பெயர். திருவல்லிக்கேணியில் 1900-ல் தொடங்கி, சென்னையின் மிகப் பழைய சபாவாகக் கருதப்படும் பார்த்தசாரதி சுவாமி சபாவும் தன் விழாவை இப்போது மயிலாப்பூர்ப் பக்கமே நடத்துகிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் முதலில் சொல்ல விரும்புவது லஸ் அவென்யூவில் உள்ள ராகசுதா அரங்கத்தை. சின்ன இடம். மேடையில் வயலின் வில் நரம்பைத் தொடும் சத்தம் பின்வரிசை வரை வரும். வித்வான் பாட்டின் ஒரு அடியை மாற்றிப் பாடும் சங்கதியை யோசித்து, தயங்கி, பிறகு எடுப்பதை முகத்திலேயே பார்க்கலாம். பெரிய அரங்கத்தில் ஒலிபெருக்கி மிருதங்கத்தை ஒரு மாதிரியும் குரலை ஒரு மாதிரியும் ஊதிப் பெருக்கி நம்மிடம் கொண்டு வருகிறது. இங்கே அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. ஒரே ஒரு கச்சேரிக்குத்தான் நேரம் என்றால், அகாடமி மாலை டிக்கெட்டுக்கும் ராகசுதாவில் மூத்தவர்களுக்கு அடுத்த படியில் உள்ள ஒரு நல்ல சப்-சீனியர் கலைஞருக்கும் நடுவில் நான் ராகசுதாவையே எடுப்பேன். லஸ் பக்கமே உள்ள ஆர்கே கன்வென்ஷன் சென்டரும் இதே மாதிரி சின்ன அரங்கம்தான்.

ராகசுதாவுக்குப் பக்கத்தில் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு உங்கள் பயணத்தில் வந்தால், இந்தப் பூங்காவில் குழந்தைகளும் இளைஞர்களும் மைக் இல்லாமல் பாடும் கச்சேரியைக் கேட்கலாம். மரங்களுக்கு நடுவில், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

சாப்பாட்டைப் பற்றி மயிலாப்பூர்க்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். என் பதில்: பஜனை கேட்டு முடித்ததும் அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸில் இட்லியும் கெட்டிச் சட்னியும். சின்ன இடம், காத்திருக்க வேண்டும், காலை பத்து மணிக்கு மேல் போனால் ஏமாற்றம்தான். மதியத்துக்குக் கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ். மாலை பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியாகக் கொடுக்கும் பஜ்ஜி. எல்லாமே நடந்து போகும் தூரம். புத்தகம், ஸ்வரக் குறிப்புகளோடு கூடிய கீர்த்தனைத் தொகுப்பு, ஸ்லோகப் புத்தகம் என்று தேடுகிறவர்களுக்குக் கோயில் பக்கத்திலேயே கிரி டிரேடிங் இருக்கிறது.

குறையும் உண்டு. இரண்டாம் கட்ட மெட்ரோ பணியால் லஸ், ஆர்.கே. மடம் சாலை, கச்சேரி சாலை எல்லாம் பல ஆண்டுகளாகத் தடுப்புகளும் மாற்றுப் பாதைகளுமாக இருக்கின்றன. வண்டியில் வந்தால் அலுத்துப் போகும். நடக்கிறவர்களுக்குப் பரவாயில்லை, ஆனால் முதியவர்களை அழைத்து வந்தால் லஸ் முனையில் சாலையைக் கடப்பது சுலபமில்லை. தங்க இடமும் மாட வீதிப் பக்கம் குறைவு.

தி. நகர்

தி. நகரைப் பலர் புடவைக்கும் நகைக்கும் மட்டும் வைத்திருக்கிறார்கள். 1920-களில் பழைய பெரிய ஏரியை நிரப்பி உருவாக்கிய பேட்டை இது. தியாகராய செட்டியார், பனகல் அரசர் என்று நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள் இங்கே நிறைந்திருக்கின்றன. அந்தத் திட்டமிட்ட அகலத் தெருக்களில் சபாக்கள் வந்தன. நடிகரும் பாடகருமான சித்தூர் வி. நாகையா முன்னின்று தொடங்கிய தியாக பிரம்ம கான சபா, ஜி.என். செட்டி சாலை வாணி மகாலில் இருக்கிறது. மகாராஜபுரம் சந்தானம் சாலையில் கிருஷ்ண கான சபா. இரண்டுக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். திருமலைப் பிள்ளை சாலையில் பாரத் கலாச்சாரும் பக்கம்தான்.

இங்கே வருவதற்கு வலுவான காரணம் நடனம். கிருஷ்ண கான சபா 1981 முதல் டிசம்பரில் நாட்டிய கலா மாநாடு நடத்துகிறது. அகாடமியின் காலை அமர்வு சங்கீதத்துக்கு எப்படியோ, இது பரதநாட்டியத்துக்கு அப்படி. உங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கிறவர் ஒருவர், பரதம் கற்கும் பெண் ஒருத்தி, கடைக்குப் போக வேண்டும் என்பவர் ஒருவர் என்று இருந்தால் தி. நகர்தான் எல்லோரையும் சமாதானப்படுத்தும். கச்சேரி கேட்பவர் வாணி மகாலில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் பாண்டி பஜார் நடைபாதையில் சுற்றிவிட்டு வரலாம்.

வந்து போவதற்கும் இது வசதி. தெற்கிலிருந்து வரும் பல ரயில்கள் மாம்பலத்தில் நிற்கும். 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை ரயில் நிலையத்திலிருந்து தி. நகர் பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விடுகிறது. ரங்கநாதன் தெருவின் கூட்டத்தில் பெட்டியோடு நீந்த வேண்டாம். விடுதிகள் எல்லா விலையிலும் உண்டு.

ஆனால் சங்கீத ரசிகர் என்று மட்டும் வருகிறவருக்கு இங்கே ஒன்று குறைகிறது. சபாவின் வாசலைத் தாண்டினால் பேட்டை வேறு வேலையில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு ஒரு நல்ல தோடி ராகத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்து அடுத்த நிமிடமே ஹாரன் சத்தத்தில் நிற்பது, அதுவும் வாரக்கடைசியில், கொஞ்சம் கஷ்டம்தான்.

பாரிமுனை, சிலருக்கு

தமிழ்ப் பாட்டு கேட்கத்தான் வருகிறேன் என்பவர் மேலே சொன்ன மூன்றையும் தள்ளி வைத்துவிட்டு ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போக வேண்டும். கச்சேரி மேடையில் தமிழுக்கு உரிய இடம் இல்லை என்ற குரல் எழுந்தபோது, ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முயற்சியில் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. டிசம்பர் பிற்பகுதியில் அதன் விழா நடக்கும். கச்சேரியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பண் ஆராய்ச்சிக் கூட்டம். கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவார்கள் அதன் பண்களை, அதாவது பழைய தமிழ் இசை வடிவங்களை, பாடிக் காட்ட, இந்தப் பண் இன்றைய எந்த ராகம், எந்த இடத்தில் விலகுகிறது என்று அறிஞர்கள் பேசுவார்கள். ஓதுவார் ஒருவர் தாளக் கட்டில்லாமல் ஒரு பதிகத்தை விருத்தம் போலப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு, ஆலாபனையின் வேர் எங்கே இருக்கலாம் என்று யோசிக்கத் தோன்றும். உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கம். சுற்றுப்புறம் அலுவலகப் பகுதி என்பதால் ஞாயிற்றுக்கிழமை அமைதியாக இருக்கும், தங்குவதற்கு ஏற்றதில்லை. ஒரு காலை மட்டும் வந்து போகலாம்.

எந்த வாரக்கடைசி?

இதையும் சேர்த்தால்தான் முடிவு சரியாக வரும். டிசம்பர் முதல் வாரத்தில் கூட்டம் குறைவு, டிக்கெட் சுலபம். ஆனால் வடகிழக்குப் பருவமழை இன்னும் விட்டிருக்காது. 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் நின்றது டிசம்பர் முதல் வாரத்தில்தான். அகாடமியும் அப்போது தொடங்கியிருக்காது, மார்கழியும் பிறந்திருக்காது. அந்த வாரம்தான் வர முடியும் என்றால் பாரதிய வித்யா பவன் மாதிரி முன்னதாகத் தொடங்கும் இடங்களைப் பார்த்துக்கொண்டு மயிலாப்பூரில் இருங்கள். பஜனை மட்டும் கிடைக்காது.

மார்கழி பிறப்பது டிசம்பர் 16 வாக்கில். அகாடமி விழா 15 முதல் ஜனவரி 1 வரை. எனவே இந்த இரண்டும் சேர்ந்து வரும் வாரக்கடைசிகளே இசைக்கு உகந்தவை. அதிலும் கிறிஸ்துமஸை ஒட்டிய சனி, ஞாயிறில் விடுமுறைக் கூட்டமும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துவிடுவார்கள். அதற்கு முந்தைய வாரமே வந்துவிட்டால் நல்லது. ஜனவரி முதல் வாரத்தில்தான் முடியும் என்பவர்களுக்கு வேறு கணக்கு. அகாடமியில் 3-ஆம் தேதி வாக்கில் நாட்டிய விழா தொடங்கும். மயிலாப்பூரில் பொங்கலுக்கு முன்பு மயிலாப்பூர் விழா நடக்கும். வடக்கு மாட வீதியில் கோலப் போட்டியும் தெரு முழுக்கக் கலை நிகழ்ச்சிகளும் உண்டு. அப்போது சீசனின் பரபரப்பு அடங்கியிருக்கும்.

சரி, எதை எடுப்பது?

சங்கீதத்தை ஆழமாகக் கற்றுக்கொண்டிருப்பவர், அல்லது ஆசிரியர், டிடிகே சாலையை எடுக்கலாம். இரண்டு காலையும் லெக்-டெம், இரண்டு மதியமும் இளையவர்கள், மாலையில் அகாடமி கிடைக்காவிட்டால் நாரத கான சபா. வெளியே சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இல்லாதவருக்கு இது போதும். குடும்பத்தோடு வருகிறவரும் நடன ரசிகரும் தி. நகர். மற்ற எல்லோருக்கும், முதல் தடவை சீசனுக்கு வருகிறவருக்குக் கண்டிப்பாக, மயிலாப்பூர்.

மயிலாப்பூரை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் அங்கே சிறந்த கலைஞர்கள் பாடுகிறார்கள் என்பதல்ல. கலைஞர்கள் எங்கும் பாடுகிறார்கள். கோயில் நாதஸ்வரம், தெரு பஜனை, பூங்காவில் குழந்தைகள், சின்ன அரங்கில் வளரும் வித்வான், பெரிய அரங்கில் மூத்தவர் என்று ஒரே கலையின் எல்லா வயதும் எல்லா நிலையும் ஒரு மணி நேர நடைக்குள் இருக்கின்றன. 2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு வருகிற நண்பரை நான் முதலில் அழைத்துப் போவது மாட வீதிக்குத்தான்.

தங்குவதற்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை நடுவில் இருக்கிறது. நியூ உட்லண்ட்ஸ் போன்ற பழைய விடுதிகள் அங்கே உண்டு. ஒரு பக்கம் அகாடமி, மறு பக்கம் லஸ்; இரண்டுக்கும் கால் நடையாகவோ சின்ன ஆட்டோ சவாரியாகவோ போகலாம். டிசம்பரில் அறை கிடைப்பது கடினம், அக்டோபரிலேயே பதிவு செய்துவிட வேண்டும். நிகழ்ச்சி நிரல்கள் டிசம்பர் நெருங்கும்போது சபாக்களின் இணையதளங்களிலும் நாளிதழ்களிலும் வந்துவிடும். சில சபாக்களின் டிக்கெட்டை இணையத்தில் வாங்கலாம். மதியக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான சபாக்களில் பணம் கிடையாது.

இரண்டு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். சனிக்கிழமை காலை பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு நேரே அகாடமி. லெக்-டெம், அதையடுத்துக் காலைக் கச்சேரி, கேன்டீனில் சாப்பாடு, மதியம் ஒரு இளையவர். கேன்டீன் சமையல்காரர்கள் வருடத்துக்கு வருடம் சபா மாறுவார்கள். இந்த வருடம் யார் எங்கே என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டால் முழு வரலாறும் சொல்லிவிடுவார். அப்புறம் அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் கட்டாயமாகத் தூங்க வேண்டும். ஓய்வில்லாத காதில் மூன்றாவது கச்சேரி ஏறாது. மாலை ராகசுதாவில் முழுக் கச்சேரி, முதல் வர்ணம் தொடங்கி மங்களம் வரை.

ஞாயிறு விடியற்காலை மாட வீதி, இட்லி, கோயில், பூங்கா. பதினொரு மணிக்குமேல் கிரி டிரேடிங்கில் புத்தகம் பார்க்கலாம். வாத்தியம் வாங்கும் எண்ணம் இருந்தால் அது வேறு பயணம்: 1842 முதல் இயங்கும் மியூசி மியூசிக்கல் அண்ணா சாலையில் இருக்கிறது, ஞாயிறு திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு வித்யா பவனிலோ ரசிக ரஞ்சனி சபாவிலோ ஒரு கச்சேரி.

ஞாயிறு இரவு எழும்பூரில் ஒன்பது மணிக்கு ரயில் என்றால், மாலை ஆறரை மணிக் கச்சேரியில் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் அதைத் தொட வேண்டாம். நாலு மணிக் கச்சேரியை எடுத்துக்கொண்டு கடைசி வரை கேளுங்கள். ஆறரைக்கு எழுந்தால் அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து, லஸ் நெரிசலுக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி, நிதானமாக நிலையம் போய்விடலாம். ஆட்டோ கிடைக்காத மழை நாளாக இருந்தால் திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறிப் பூங்கா நகரில் இறங்கி, எதிரே பார்க் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்தால் அடுத்த நிறுத்தம் எழும்பூர்.